பதினேழாவது படம்

வாலிநோக்கம் உப்பளத்தை
மோட்டார் கொட்டகைக் கூரையில் நின்று
இடமிருந்து வலமாக எடுத்தேன்.
முப்பத்தொரு படங்கள்.
கச்சான் காற்றுக்கு நடுங்கிய ஸ்டாண்டின் ஒரு காலை
செருப்போடு மிதித்துக்கொண்டு.

ஒட்டினால் பதினாறு அடி.
மதுரை ஆபீசில் முதலாளியின் நாற்காலிக்குப் பின்னால்
அந்தச் சுவர் இப்போதே வெள்ளையடித்துக் காத்திருக்கிறது.

முப்பத்தெட்டு சதவீதத்தில்
சாஃப்ட்வேர் செத்தது.
பிழை எண் இல்லை, எச்சரிக்கை இல்லை.
பேசிக்கொண்டிருந்தவர்
பாதி வாக்கியத்தில் எழுந்து போனதுபோல
ஜன்னல் மூடிக்கொண்டது.
பின்னால், திரையில்,
போன வருஷத்து ஏர்வாடி சந்தனக்கூடு.

மறுபடி. முப்பத்தெட்டு.
மறுபடி.

"மெமரி பத்தலண்ணே" என்றான் ஆசிக் மீரான்.
ரெண்டாயிரத்து நானூறுக்கு ஒன்று செருகினான்.
இப்போது கொஞ்சம் வேகமாக ஓடி வந்து
அதே முப்பத்தெட்டில் விழுந்தது.

சந்தேகம் பாத்திகள் மேல் திரும்பியது.
ஒரே அகலம், ஒரே வரப்பு,
ஒவ்வொன்றிலும் அதே துண்டு வானம்.
ஐந்தாம் படத்துப் பாத்தியை
இருபத்தாறாம் படத்துப் பாத்தியோடு
கோடு போட்டுச் சேர்த்து வைத்திருந்தது இயந்திரம்.
அதைக் குற்றம் சொல்ல முடியாது.
ஏறி நின்று எடுத்த எனக்கே அடையாளம் தெரியவில்லை.
தப்புக் கோடுகளை ஒவ்வொன்றாக அழித்தேன்,
நானூற்றுப் பன்னிரண்டு.
இரவு ஒன்றரை மணி. முப்பத்தெட்டு.

பிறகுதான் பாதி பாதியாக வெட்டத் தோன்றியது.
முதல் பதினைந்து ஒட்டின.
மீதி செத்தது.
மீதியில் பின்பாதி ஒட்டியது, முன்பாதி செத்தது.
அதிலும் பாதி, அதிலும் பாதி.
கடைசியில் கையில் நின்றது
பதினேழு.

பார்க்க நல்ல படம்தான்.
அந்த நேரம் கேமரா பேட்டரி தீர்ந்து
நான் பைக் பெட்டிக்கு இறங்கி ஓடியிருந்தேன்.
"அதுக்குள்ள வெளிச்சம் மாறிப்போகும் தம்பி" என்று
வாருபலகையைச் சாத்திவிட்டு ஏணியில் ஏறியவர் ராக்கு அக்கா.
தன் போனில் எடுத்து
வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.
வந்து சேர்ந்தது படம் மட்டும்.
எந்த லென்ஸ், எத்தனை மணி, எவ்வளவு கோணம்
எல்லாம் வழியில் உதிர்ந்துவிட்டன.
சாஃப்ட்வேர் என்னிடம் கேட்டிருக்கிறது.
நான் படிக்காமல் என்டர் தட்டியிருக்கிறேன்.
அது பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டது.

பூஜ்யக் கண்ணுக்கு
எல்லாத் திசையும் முன்பக்கம்.
அந்த ஒரு படத்தை விரித்துப் போட
இலங்கை வரைக்கும் தாள் கேட்டிருக்கிறது,
கிடைக்காமல் செத்திருக்கிறது.

காலை ஆறு மணிக்கு அழைத்தேன்.
அளத்தில்தான் இருந்தார், காற்று காதில் அடித்தது.
"என்ன போன்க்கா அது?"
"தவணைல வாங்குனது. இன்னும் ஆறு பாக்கி."
பின்பக்கம் எழுதியிருந்ததை
எழுத்தெழுத்தாகப் படித்துச் சொன்னார்.
தேடிப் பார்த்தேன். அறுபத்தெட்டு டிகிரி.

முப்பத்தொன்பது.
நாற்பது.
டீ ஆறிப்போயிருந்தது. நூறு.

மதியம் முதலாளி பேசினார்.
"படம் அருமை. நடு வரப்புல ஒரு தூக்குவாளி,
கம்பி ஒடிஞ்ச குடை கிடக்கு பாருங்க.
அதை எடுத்துருங்க.
சுவர்ல சுத்தமா இருக்கணும்."

மறைத்துவிட்டு ஒட்டச் சொன்னேன்.
பதினேழும் பதினெட்டும்
ஒரு பாத்தி வழுக்கிப் போய்ப் பொருந்தின.
யாருக்கும் தெரியாது,
அவருடைய அளத்தில் ஒரு பாத்தி குறைச்சல்.
அத்தனை உப்பிலும்
ஒன்றைப்போல் இன்னொன்று இல்லாதது
அந்தத் தூக்குவாளியும் குடையும்தான்.
இயந்திரம் அவற்றைப் பிடித்துக்கொண்டுதான்
இந்தப் படத்திலிருந்து அடுத்த படத்துக்குத் தாண்டியிருக்கிறது.

இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தேன்.

"எடுக்க வராது சார்,
எடுத்தா சாஃப்ட்வேர் செத்துரும்" என்றேன்.
அதில் ஒரு
முப்பத்தெட்டு சதவீதம் உண்மை.